சுவரில் இருபத்தாறு கோடுகள்

தண்ணீர் மீட்டர் சோதிக்கும் பட்டறையில் அந்த இரண்டு பேரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை. தங்கையைக் கட்டியவர் சின்ன சகலை. வருகைப் பதிவேட்டில் என்னவோ பெயர்கள் இருந்தன. ஒருநாள் மேலதிகாரி ஒருவர் அந்தப் பெயர்களைப் படித்து, "இவங்க ரெண்டு பேரும் யாரு, இன்னைக்கு வந்திருக்காங்களா?" என்று கேட்க, பட்டறையே ஒரு நிமிஷம் விழித்தது.

பெரிய சகலைக்குச் சோதனை பெஞ்சில் வேலை. நீளமான ஒரு குழாயில் எட்டு மீட்டர்களை வரிசையாகப் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவார். எட்டையும் தாண்டி வரும் தண்ணீர் கடைசியில் ஒரு தொட்டியில் விழும். தொட்டியின் பக்கவாட்டில் கண்ணாடிக் குழாய், அதில் அளவுக் கோடுகள். தொட்டியில் நூறு லிட்டர் என்றால் நூறு லிட்டர்தான். அதே தண்ணீருக்கு ஒரு மீட்டர் நூற்று மூன்று காட்டினால் அது பொய் சொல்கிற மீட்டர். சிவப்பு சாக்பீஸால் அதன் தலையில் ஒரு பெருக்கல் குறி. குறி வாங்கிய மீட்டர் நேரே பக்கத்து மேஜைக்குப் போகும். பக்கத்து மேஜை சின்ன சகலையுடையது. அவர் பிரித்து, துடைத்து, பல்சக்கரம் மாற்றி, திரும்ப பெஞ்சுக்கு அனுப்புவார். அப்படித் திரும்பி வருகிற மீட்டர் இன்னொரு முறை தோற்றால் பெரிய சகலையின் முகத்தில் வருகிற ஒளியை அந்தப் பட்டறையில் பார்க்காதவர் இல்லை.

பெஞ்சுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. பெரிய சகலை தன் கையால், தன் பெயிண்டால் எழுதியது: "தொட்டியைப் பார். பக்கத்து மீட்டரைப் பார்க்காதே." அவசரக்காரர்கள் எட்டு மீட்டர்களில் ஏழு ஒரே மாதிரி காட்டினால் சரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஏழும் சேர்ந்து பொய் சொன்னால்? இருபத்தொரு வருஷத்தில் அவர் ஒரு மீட்டரைக்கூட அப்படித் தேற்றிவிட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. பெருமைப்பட வேறு அதிகம் இல்லாததால் அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சின்ன சகலை வந்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. வேலைக்கு விண்ணப்பப் படிவம் வாங்கிக் கொடுத்ததே இவர்தான். வந்து ஆறு மாதத்தில் பட்டறையே அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அவன் சிரித்தால் நாலு பேர் சிரித்தார்கள். இவர் சிரித்தால், "என்ன சகல, பல்லு வலியா?" என்று கேட்டார்கள். மாமியார் வீட்டில் இவர் தட்டில் ஒரு முட்டை, அவன் தட்டில் இரண்டு. "சின்னவர் வளர்ற உடம்பு" என்பார் மாமியார். முப்பத்தைந்து வயதில் என்ன வளர்கிற உடம்பு? குடியிருப்பில் வீடு ஒதுக்கியபோது இவருக்குக் கீழ்த்தளம், அவனுக்கு அதற்கு நேர் மேலே, காற்று வரும் தளம். அவன் வீட்டில் நாற்காலி இழுத்தால் இவர் தலைக்கு மேல் உறுமும். இவருக்கு மகள் பிறந்து அடுத்த வருஷமே அவனுக்கும் ஒரு மகள். மருத்துவமனைத் தராசில் அந்தக் குழந்தை முந்நூறு கிராம் கூடுதல். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு சிரித்த பெரிய சகலை, வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார்:

"அந்தத் தராசை யாராவது சோதிச்சிருப்பாங்களா?"

"உங்களுக்குப் பைத்தியமா?" என்றாள் மனைவி.

மகள்கள் வளர்ந்தார்கள். அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள் என்பதால் அவர்களும் அக்கா தங்கைதான். வீட்டில் பெரியவள், சின்னவள் என்றே அழைப்பு. ஒரே பள்ளி. படிக்கட்டில் ஓடிப் பிடித்து விளையாடிய இரண்டு பேரும் பள்ளியில் நெடுந்தூர ஓட்டத்தில் சேர்ந்தார்கள். பெரியவளுக்குப் பதினாலு, சின்னவளுக்குப் பதின்மூன்று. டிரில் மாஸ்டர் ஆரம்பத்திலேயே இரண்டு அப்பாக்களையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டும் நல்லா ஓடுது. வாரத்துல நாலு நாள் ஓடட்டும், மிச்ச நாள் விளையாடட்டும். மண்டலப் போட்டியில மூவாயிரம் மீட்டருக்கு நம்ம பள்ளியில இருந்து ஒரு ஆளைத்தான் அனுப்ப முடியும். மூணு மாசம் கழிச்சு ஓடவிட்டுப் பார்த்து எடுக்கிறேன்."

நாலு நாள், விளையாட்டு, மூன்று மாதம் எல்லாம் காற்றோடு போனது. ஒரு ஆள் என்பது மட்டும் இரண்டு பேர் காதிலும் ஆணி அடித்த மாதிரி நின்றது.

குடியிருப்பின் பின்னால் தண்ணீர்த் தொட்டி வளாகம். உயரமான வட்டத் தொட்டியைச் சுற்றி ஒரு மண்பாதை. பெரிய சகலை பட்டறையிலிருந்து அளவுச் சக்கரத்தை எடுத்து வந்து உருட்டிப் பார்த்தார். சரியாக முந்நூற்று ஐம்பது மீட்டர். தொட்டிக்குப் பின்பக்கம் பம்ப் அறையின் சுவர். ஒரு சுற்றுக்கு ஒரு கோடு என்று அந்தச் சுவரில் சாக்பீஸால் கிழித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

பெரிய சகலைக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட், மூன்றுக்கு முடியும். அதனால் பெரியவள் சாயங்காலம் ஓடினாள். சின்ன சகலைக்குப் பதினொரு மணி ஷிஃப்ட். அதனால் சின்னவள் விடியற்காலையில் ஓடினாள். சின்ன சகலை மகளை வளாகத்தில் இறக்கிவிட்டு, பால் வாங்கி, நாலு பேரிடம் நாலு கதை பேசிவிட்டு, திரும்பி வந்து சுவரில் கோடுகளை எண்ணிவிட்டு அழைத்துப் போவார். அவர்கள் போட்டது சிவப்புக் கோடு. பெரிய சகலையோ சுவருக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, மகள் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் தன் கையாலேயே ஒரு நீலக் கோடு போடுவார். மறுநாள் காலையில் சின்னவள் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பாள்.

முதல் நாள் சாயங்காலம் சுவரில் எட்டு சிவப்புக் கோடுகள் இருந்தன. பெரியவள் எட்டு சுற்று ஓடிவிட்டு வந்து நின்றாள்.

"இன்னும் ஒண்ணு" என்றார் அப்பா.

"எட்டுன்னுதானே சொன்னீங்க?"

"எட்டுதான். இது சும்மா, காலு இளகுறதுக்கு."

நீலக் கோடு ஒன்பது. மறுநாள் சிவப்புக் கோடு பத்து. அன்று சாயங்காலம் நீலக் கோடு பதினொன்று. ஒருவரும் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, "என்னண்ணே, வெயில் ஜாஸ்தி," "ஆமா சகல, ஜாஸ்திதான்" என்று பேசிக்கொண்டார்கள். பேச வேண்டியதை எல்லாம் சுவர் பேசியது.

பெரிய சகலைக்குத் தூக்கம் கெட்டது. ஐந்தேகாலுக்கு மேல்மாடியில் அலாரம் அடிக்கும். பிறகு சின்னவளின் காலணிகள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கும். ஒவ்வொரு படியும் இவர் நெஞ்சில் மிதித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ஐந்தரைக்குப் போவாள், ஆறேகாலுக்குத் திரும்புவாள். அந்த முக்கால் மணி நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

"என்ன சாப்பாடு போடுறா உன் தங்கச்சி?" என்று ஒருநாள் மனைவியைக் கேட்டார்.

"நாம சாப்பிடுறதுதான் அவங்களும்."

"இல்ல. ஏதோ கொடுக்குறா. பதினெட்டு கோடு போட்டிருக்கு அந்தப் பொண்ணு. சும்மா வருமா?"

"அவளும் உங்க பொண்ணுதாங்க. பெரியப்பா பெரியப்பான்னு உயிரை விடுது. கண்ணு வைக்காதீங்க."

"நான் எதுக்குக் கண்ணு வைக்கிறேன்? நல்லா ஓடட்டும். நம்மது ஒரு சுத்து கூட ஓடட்டும், அவ்வளவுதான்."

அந்த ஒரு சுற்றில்தான் அவருடைய வாழ்க்கையே அடங்கியிருந்தது. இரண்டாவது முட்டை, காற்று வரும் மாடி, முந்நூறு கிராம், பட்டறைச் சிரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சுற்று. மகள் மண்டலப் போட்டிக்குப் போவாள், சின்ன சகலை கீழே நின்று கைதட்டுவான். இந்தக் காட்சியை அவர் எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்தார் என்றால், அதில் சின்ன சகலை போட்டிருந்த சட்டையின் நிறம்கூட அவருக்குத் தெரியும்.

கோடுகள் ஏறின. இருபது. இருபத்திரண்டு. இருபத்து நாலு. பெரியவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கினாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தடவிக்கொண்டே படித்தாள். அம்மா பார்த்தாள்.

"ஏங்க, பிள்ளை நொண்டுது."

"காலணி புதுசு."

"மூணு மாசமா புதுசா?"

அவர் மகள் பக்கம் திரும்பினார். 

"ஏம்மா, உனக்கு இருபத்து நாலுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. அவ முக்கால் மணி நேரத்துல முடிச்சிட்டு வந்துடுறா. ஒரு வயசு சின்னவ. உனக்கு வெட்கமா இல்ல?"

பெரியவள் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். பிறகு குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடப் போனாள்.

தேர்வுக்கு முந்திய வாரம் காலையில் சிவப்புக் கோடு இருபத்தாறு. சாயங்காலம் நீலக் கோடு இருபத்தேழு. கடைசி இரண்டு சுற்றை அவள் ஓடினாள் என்று சொல்ல முடியாது, இழுத்துக்கொண்டு வந்தாள். இருபத்தேழாவது கோட்டைப் பெரிய சகலை மற்றவற்றைவிட ஒரு விரல் நீளமாகவே கிழித்தார்.

தேர்வு சனிக்கிழமை, பள்ளி மைதானத்தில். ஏழரைச் சுற்று. இரண்டு சகலைகளும் வேலிக்கு இந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். பெரியவள் முதல் சுற்றிலிருந்தே முன்னால் இருந்தாள். சின்னவள் இருபது அடி பின்னால். நாலாவது சுற்றில் சின்ன சகலை எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. பெரிய சகலைக்கு அது பாட்டு மாதிரி இருந்தது.

ஆறாவது சுற்றின் வளைவில் பெரியவள் ஒரு காலைத் தூக்கினாள். இன்னொரு அடி வைத்தாள். பிறகு யாரோ நூலை அறுத்துவிட்ட மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் வந்த சின்னவள் அவளைத் தாண்டிப் போகவில்லை. நின்றாள். "அக்கா!" என்று கத்திக்கொண்டு மண்டியிட்டாள்.

அந்த நொடியில் பெரிய சகலைக்கு வந்த முதல் நினைப்பை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடியதும் அல்ல. 'நல்லவேளை, அவளும் முடிக்கல.' அதற்குப் பிறகுதான் ஓடினார்.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டுப் பேனா முனையால் காட்டினார். கீழ்க்கால் எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். பெரிய சகலை கிட்டே போய்ப் பார்த்தார். சாக்பீஸால் கிழித்த மாதிரியே இருந்தது.

"தினமும் எவ்வளவு ஓடும்?"

"ஒன்பதரை கிலோமீட்டர் வரைக்கும்" என்றார் அவர். இதைச் சொல்லும்போதும் குரலில் ஒரு மிடுக்கு எட்டிப் பார்த்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தினமுமா? பதினாலு வயசுக்கா? யாரு சொன்னது இந்தக் கணக்கு?"

சுவர் சொன்னது என்று எப்படிச் சொல்வது?

"வளர்ற எலும்புங்க. ஓய்வு கொடுத்தாத்தான் அது தன்னைத்தானே சரி பண்ணிக்கும். நீங்க அதுக்கு நேரமே கொடுக்கல. எட்டு வாரத்துக்கு ஓட்டம் கிடையாது. அப்புறமும் நான் சொல்றபடிதான்."

கட்டுப் போடுகிற அறைக்கு மகளை அழைத்துப் போனார்கள். அம்மாவும் சித்தியும் கூடப் போனார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சில் பெரிய சகலை தனியாக உட்கார்ந்தார். சின்னவள் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.

"பெரியப்பா, ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்களே?"

"சொல்லு."

"நான் இருபத்தாறு ஓடல."

"என்னது?"

"பதினஞ்சுதான் ஓடினேன். தினமும் பதினஞ்சுதான். அதுக்கு மேல எனக்கு மூச்சு வரல பெரியப்பா. மிச்சக் கோடு நான் சும்மா நின்னுக்கிட்டே போட்டது. அப்பா பால் வாங்கிட்டு வந்து கோட்டைத்தான் எண்ணுவாரு. என்னை எண்ணமாட்டாரு." அவள் உதடு கோணியது. "அக்கா அதைப் பார்த்துட்டு ஓடும்னு முதல்ல எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்போ குறைக்கப் பயமா இருந்துச்சு."

பெரிய சகலைக்குள் இத்தனை வருஷமாக எரிந்துகொண்டிருந்த வயிற்றில் யாரோ ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றினார்கள். பதினைந்து! வெறும் பதினைந்து! அதாவது ஐந்தேகால் கிலோமீட்டர். இவர் மகள் ஒன்பதரை. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் அவன் மகள். தாழ்வாரத்தில் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. திங்கட்கிழமை பட்டறையில் இதை எந்த இடத்தில் ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்று மனம் வாக்கியம் கட்டத் தொடங்கிவிட்டது.

அறைக் கதவு திறந்தது. பெரியவள் கக்கத்தில் ஊன்றுகோலோடு வெளியே வந்தாள். ஒரு கால் வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது. ஊன்றுகோல் தரையில் டக் என்றது. அவர் கட்டிய வாக்கியம் அங்கேயே அறுந்தது.

அன்று சாயங்காலம் அவர் தனியாக வளாகத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமைக் கோடுகள் சுவரில் அப்படியே இருந்தன. மூன்று மாதமாகத் தினமும் பார்த்த கோடுகள்தான். இன்றுதான் பார்த்தார். முதல் பதினைந்து சிவப்புக் கோடுகள் சாய்ந்து, வால் இழுத்து, ஒன்று மேலே ஒன்று கீழே கிடந்தன. ஓடுகிறவள் ஓடிக்கொண்டே கிழித்தவை. மிச்சம் பதினொன்றும் அச்சடித்த மாதிரி நேராக, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நின்றன.

அது மட்டுமா? இருபத்தாறு சுற்று என்றால் ஒன்பது கிலோமீட்டருக்கு மேலே. அவள் போவதும் வருவதும் இவர் காதில் விழுந்தன: முக்கால் மணி நேரம். பதின்மூன்று வயதுப் பிள்ளை தினமும் அந்த வேகத்தில் ஓடுமா? வகுத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். நாள் முழுக்க வகுக்கிற கை. நூற்றுக்கு மூன்று கூடினாலே பெருக்கல் குறி போடுகிற மனிதர், எழுபதுக்கு மேல் கூட்டிக் காட்டிய மீட்டரை மூன்று மாதம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதை வைத்துத் தன் மகளைச் சோதித்தார். பெஞ்சுக்கு மேலே தொங்குகிற பலகை ஞாபகம் வந்தது. அதை எழுதிய கையைப் பார்த்துக்கொண்டார். நகத்தில் நீலச் சாக்பீஸ்.

வீட்டில் பெரியவள் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சின்னவ சொல்லிட்டா" என்றார்.

"தெரியும். அழுதுகிட்டே வந்து சொன்னா." ரொட்டியை மென்று விழுங்கினாள். "எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்பா. அந்தக் கோடு எல்லாம் நேரா நிக்குதே. ஓடிக்கிட்டே போட்டா அப்படி வருமா?"

"தெரிஞ்சுமா ஓடின? ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? நேரா போய் சித்தப்பாகிட்ட சொல்லியிருப்பீங்க. பட்டறையில எல்லார் முன்னாடியும் சொல்லியிருப்பீங்க. அப்புறம் சித்தப்பா பால் வாங்கப் போகமாட்டாரு. அங்கேயே நின்னு எண்ணுவாரு. அவ நிஜமாவே இருபத்தாறு ஓடணும். சின்னப் பொண்ணுப்பா அவ."

"நீ மட்டும் பெரிய பொண்ணா?"

"அவளுக்கு நான்தானே அக்கா."

அவள் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சத்தியம் பண்ணுங்க. சித்தப்பாவுக்குத் தெரியக்கூடாது."

"அது எப்படிம்மா... அவன் தினமும் பெருமை அடிப்பானே..."

"அடிக்கட்டும். சத்தியம்."

கட்டுப் போட்ட காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார். தன் வாழ்க்கையில் இவ்வளவு கனமான பொருளை அவர் தூக்கியதில்லை.

திங்கட்கிழமை மதியம் பட்டறையில் எல்லோரும் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தார்கள். சின்ன சகலை முதலில் வருத்தம் விசாரித்தார். உண்மையான வருத்தம்தான், கண்கூடக் கலங்கியது. ஆனால் அவரால் அங்கே நிறுத்த முடியவில்லை.

"பாவம் பெரியவ. டாக்டர் என்னண்ணே சொன்னாரு, அதிகமா ஓடினதாலயா? அப்படி இருக்காதுண்ணே. எம்பொண்ணும் அதே இருபத்தாறு ஓடுது. ஒண்ணும் ஆகலயே. சில உடம்பு வாகு அப்படி."

பெரிய சகலையின் நாக்கு நுனிக்கு அது வந்து நின்றது. பதினைந்து. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் போதும், இத்தனை வருஷத்துக் கணக்கு தீர்ந்துவிடும். பட்டறை இவர் பக்கம் திரும்பிச் சிரிக்கும். சொல்லாமல் விட்டாலோ, நாளைக்கே அந்தச் சுவரில் இருபத்தேழாவது கோடு வரும். என்றைக்காவது ஒருநாள் இவன் பாலை வாங்காமல் நின்று எண்ணுவான். அப்போது அந்தப் பிள்ளையின் கால்?

டப்பாவை மூடினார்.

"இல்ல சகல. வாகு ஒண்ணுதான். அக்கா தங்கச்சி வயித்துப் பிள்ளைங்க, ரெண்டுக்கும் ஒரே எலும்பு. டாக்டர் அதைத்தான் கேட்டாரு, தங்கச்சி யாராவது ஓடுதான்னு. ஓடுதுன்னேன். உடனே பதினஞ்சு சுத்துக்கு மேல விடாதீங்க, இந்தக் குடும்பத்து எலும்பு தாங்காதுன்னு சொல்லிட்டாரு."

டாக்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்தொரு வருஷத்தில் பெரிய சகலை காட்டிய முதல் பொய் அளவு அது.

"பதினஞ்சா?" சின்ன சகலையின் முகம் சுண்டியது. "அப்போ நீங்க?"

"எங்க கோடு இனிமே வராது. நீதான் ஜெயிச்ச. மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன், சின்னவ போகட்டும்னு."

பட்டறையில் ஒருத்தர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். இன்னொருத்தர், "பெரிய சகல, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்றார்.

சின்ன சகலை ஜெயித்தவன் மாதிரி இல்லை. எதிரே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால் மல்லாந்து விழுவோமே, அப்படி இருந்தார். "என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க" என்று முனகினார். பிறகு வெகுநேரம் ஒரே மீட்டரைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் பெரிய சகலை சுவரைப் போய்ப் பார்த்தார். பதினைந்து சிவப்புக் கோடுகள். பதினைந்தும் சாய்ந்தவை. ஒரு கோடுகூடப் பொய் இல்லை. திருப்தியோடு திரும்பியவர் மறுபடி நின்று பார்த்தார். கடைசிக் கோடு முதல் கோடு அளவுக்கே திடமாக இருந்தது. களைக்காமல் ஓடியிருக்கிறாள். நன்றாகத்தான் ஓடுகிறாள். வயிற்றில் சுருக்கென்றது. 'சீ' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அந்தச் சுருக் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மண்டலப் போட்டி மூன்று வாரம் கழித்து. குடும்பம் முழுக்கப் போனது. மைதானத்துப் படிக்கட்டில் பெரியவள் நடுவில், காலை நீட்டிக்கொண்டு, ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் சித்தப்பா. அம்மாவும் சித்தியும் பின்வரிசையில். சின்ன சகலை புதுச் சட்டை போட்டிருந்தார். பெரிய சகலை மனதில் ஓட்டிப் பார்த்த காட்சியில் இருந்த நிறம் அல்ல. காட்சியும் அது அல்ல.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பெரியவள் எழுந்துவிட்டாள். ஒற்றைக் காலில், அப்பாவின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

"அவசரப்படாதடி! பின்னாடியே போ! ம்... அப்படித்தான், அப்படித்தான்!"

பெரிய சகலை மைதானத்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். தான் ஓட வேண்டிய ஓட்டம் அது. தன் கால், தன் மூன்று மாதம், தன் இடம். அதில் இன்னொருத்தி ஓடுகிறாள், இவள் அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறாள். முகத்தில் எங்காவது ஒரு ஓரத்தில் ஒரு சின்னக் கசப்பாவது இருக்கிறதா என்று சோதனைக்காரன் கண்ணோடு தேடினார். இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார். சகலையின் சிரிப்பு, சகலையின் மாடி, சகலையின் தட்டில் இருந்த இரண்டாவது முட்டை. அவை எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இந்தப் பிள்ளையைப் பார்த்து அவருக்கு வந்த பொறாமை எலும்பு வரைக்கும் இறங்கியது. இவளுக்கு மட்டும் இது எப்படி வருகிறது? யாரிடமிருந்து வந்தது? தன்னிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.

பக்கத்தில் சின்ன சகலை விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தவர், பதறிப்போய்ப் பெரியவளைத் தாண்டி எட்டிக் கேட்டார்.

"அண்ணே, எத்தனை சுத்து ஆச்சு? நான் விட்டுட்டேன்."

"நான் எண்ணல சகல."

"நீங்களா? எண்ணலயா?" சின்ன சகலை அவர் முகத்தையே பார்த்தார். "நம்பச் சொல்றீங்களா?"

"நிஜமா எண்ணல."

பெரியவள் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"கடைசிச் சுத்து வந்துட்டா. பேச்சை நிறுத்திட்டுக் கை தட்டுங்க ரெண்டு பேரும்."

தட்டினார்கள்.